எண் சொன்ன உண்மை

பழையது என்று சொல்லிவிட்டால் போதும், நம் மக்களுக்குக் கை தானாகக் கூப்பிக்கொள்ளும். எவ்வளவு பழையது என்று கேட்டுவிட்டாலோ, கேட்டவனை ஏற இறங்கப் பார்ப்பார்கள். "தாத்தா காலத்தது" என்பார்கள். "வெள்ளைக்காரன் காலத்தது" என்பார்கள். இன்னும் சற்று அழுத்திக் கேட்டால், "உனக்கு எதற்கப்பா இந்த ஆராய்ச்சி?" என்று வாயை அடைப்பார்கள். ஆண்டு கேட்டால் அடக்கமில்லாதவன். சான்று கேட்டால் சண்டைக்காரன்! இதுதான் நம் நாட்டில் கேள்விக்குக் கிடைக்கும் பரிசு.

ஆயினும் கேட்கத்தான் வேண்டும். கோயில் கோபுரத்தைப் பற்றியும் கேட்கலாம். கொல்லைப்புறத்துக் கிணற்றைப் பற்றியும் கேட்கலாம். நாம் கேட்டது ஒரு கேமராவைப் பற்றி. சின்னஞ்சிறு பெட்டி, ஒரு கையில் அடங்கும். அதன் வயதைத் தேடப் புகுந்த நமக்கு, எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு குடும்பமே வாய் திறவாமல் வைத்திருந்த உண்மை ஒன்று அகப்பட்டது. அதைத்தான் இங்கே எடுத்துரைக்கிறோம்.

நம் குடும்பத்தில் இருக்கும் அந்தக் கேமரா, ரோலிபிளெக்ஸ் என்னும் பெயருடையது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கண்கள் அதற்கு. மேல் கண் பார்ப்பதற்கு. கீழ்க் கண் படம் பிடிப்பதற்கு. மேல் கண்ணின் வழியே புகும் ஒளி, உள்ளே சாய்ந்து நிற்கும் முகக்கண்ணாடியில் பட்டு, மேற்புறத்து மங்கல் கண்ணாடியில் உருவமாகத் தெரியும். படம் எடுப்பவர் பெட்டியை இடுப்பளவில் பிடித்து, தலையைக் குனிந்து அந்த உருவத்தைப் பார்க்க வேண்டும். வலம் இடமாகவும் இடம் வலமாகவும் தெரியும். பழகாத கைக்குப் பாடாய்ப் படுத்தும். பழகிய கைக்குப் பணிந்து நடக்கும்.

காவிரிக்கரைச் சிற்றூர் ஒன்றில் ஸ்டூடியோ வைத்திருந்தவர் நம் தாத்தா. 1946-ஆம் ஆண்டு மறைந்தார். "இந்தக் கேமரா, 1938-இல் அவர் சென்னைக்குப் போய் வாங்கி வந்தது" என்பது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த செய்தி. அண்மையில் ஊர் நூலகத்தில் பழம்பொருள்களைக் காட்சிக்கு வைக்க விரும்பிய இளைஞர்கள் கேமராவைக் கேட்டார்கள். அதனுடன் வைப்பதற்கு ஒரு குறிப்பு அட்டையும் கேட்டார்கள். நம் பெரியப்பா, வயது எண்பத்தெட்டு, தம் கையாலேயே எழுதித் தந்தார்: வாங்கியவர் தாத்தா, ஆண்டு 1938, ஊரின் படங்களையெல்லாம் எடுத்தவர் அவரே. அட்டை அழகாகத்தான் இருந்தது. அது உண்மையாகவும் இருக்கிறதா என்று பார்த்துவிட நினைத்தோம்.

ஒரு பொருளின் வயதை அறிய அதன் தோற்றத்தைப் பார்த்துப் பயனில்லை. தோல் கிழிந்திருப்பதால் கிழம் என்றும், பளபளப்பாக இருப்பதால் பிந்தியது என்றும் கூற முடியாது. தோல் உறை மாற்றத்தக்கது, வார் மாற்றத்தக்கது, மங்கல் கண்ணாடியும், அதன்மேல் மடங்கி நிற்கும் மூடியுங்கூட மாற்றத்தக்கவை. மாறக்கூடியது சாட்சி சொன்னால் ஒன்றுக்கு இரண்டு முறை குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். மாறாதது சாட்சி சொன்னால் செவி கொடுத்துக் கேட்க வேண்டும்.

முதலில் குலவரலாறு. இரட்டைக் கண் கேமராக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உண்டு. ஆனால் அவை பருத்த மரப்பெட்டிகள். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் 1920-ஆம் ஆண்டு பால் பிராங்கே, ரைன்ஹோல்டு ஹைடெக்கே என்னும் இருவர் கூட்டாகத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினர். இரண்டு கண்ணால் படம் எடுத்து மூன்றாவது கண்ணால் பார்க்கும் கேமராக்களை முதலில் செய்தனர். அந்த அனுபவத்தில் பிறந்ததுதான் 1929-இல் வெளிவந்த முதல் ரோலிபிளெக்ஸ். 117 என்னும் எண்ணுடைய சுருளில் ஆறே படங்கள். படத்தை நகர்த்தத் திருகு குமிழ். 1932-இல் வந்த அடுத்த வடிவத்தில், இன்றைக்கும் கடையில் கிடைக்கும் 120 சுருள், பன்னிரண்டு படங்கள், குமிழுக்குப் பதிலாகச் சுழற்றுகைப்பிடி. ஆயினும் முதற்படத்தை நிறுத்துவதற்குப் பின்புறத்துச் சிவப்புக் கண்ணாடித் துளையை உற்றுப் பார்க்கத்தான் வேண்டியிருந்தது. 1937-இல் வந்த ஆட்டோமேட் அந்தத் தொல்லையையும் தீர்த்தது. சுருளின் தாளோடு பிலிமும் சேர்ந்து வரும்போது தடிப்புக் கூடுகிறதல்லவா? அந்தத் தடிப்பை இரு உருளைகள் உணர்ந்து, முதற்படம் இதுவென எண்ணத் தொடங்கும். எவ்வளவு எளிய எண்ணம்! எத்துணை நுட்பமான வேலை!

ஆகவே குமிழைப் பார்த்து ஒரு முடிவு. துளையைப் பார்த்து ஒரு முடிவு. உருளையைப் பார்த்து ஒரு முடிவு. நம் கேமராவில் சுழற்றுகைப்பிடி உண்டு, உருளைகள் உண்டு. எனவே இது ஆட்டோமேட். 1937-க்கு முந்தியதாக இருக்க முடியாது. இதுவரையில் பெரியப்பாவின் 1938 நின்றது. நிற்கட்டுமே! நிற்பதை வேண்டுமென்றே தள்ளுவதற்கு நாம் புறப்படவில்லை.

இரண்டாவது சாட்சி, முகப்பின் பக்கத்தில் இருந்த சிறிய துளை. மின்விளக்குப் பளிச்சிடுவதற்கான கம்பியைச் செருகும் இடம் அது. எக்ஸ் இணைப்பு என்பார்கள். தொழிற்சாலையிலிருந்தே இந்த இணைப்புடன் ஆட்டோமேட் வெளிவரத் தொடங்கியது 1949-இல். அடித்துச் சொல்லிவிடலாமா? கூடாது. போருக்கு முந்திய கேமராக்களுக்கும் பிற்காலத்தில் இத்தகைய இணைப்பைப் பொருத்திக்கொண்டவர்கள் உண்டு. பழைய வீட்டில் புதிய மின்விசிறி தொங்குவதில்லையா? அதைக் கண்டு வீடே புதியது என்றால் நகைப்பார்கள். ஆகவே இந்தச் சாட்சியை ஐயப்பட்டியலில் வைத்தோம்.

மூன்றாவது சாட்சி, கண்ணாடி. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கீழ்க் கண்ணில் மெல்லிய நீலச்சாயல் தெரிந்தது. ஒளி பட்டுத் தெறித்து வீணாகாமல் தடுக்க லென்சின்மீது பூசப்படும் மிக மெல்லிய பூச்சு அது. சைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஸ்மாகுலா என்னும் அறிஞர் 1935-இல் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் கடைகளில் விற்ற கேமராக்களில் அது பரவலானது இரண்டாம் உலகப்போர் முடிந்த பின்னரே. இதுவும் பின்னால் பூசியதாக இருக்கலாமே என்று எதிர்வழக்காட இடமுண்டு. ஆகவே இதையும் ஐயப்பட்டியலில் சேர்த்தோம்.

நான்காவது சாட்சி வந்தது. வழக்கின் போக்கு மாறியது. லென்சைச் சுற்றிய வளையத்தில் ஷ்னைடர் என்னும் நிறுவனத்தின் பெயர், செனார் என்னும் லென்சின் பெயர், அடுத்து ஓர் எண். குரோய்ட்ஸ்நாக் நகரத்து ஷ்னைடர் நிறுவனம் தன் லென்சுகளுக்கு வரிசையாக எண் இட்டு வந்தது. அந்த வரிசை 10 லட்சத்தை எட்டியது 1936-இன் இறுதியில். 20 லட்சத்தை எட்டியது 1948-இன் இறுதியில். 30 லட்சத்தை எட்டியது 1952-இல். நம் லென்சின் எண் 21 லட்சத்தைத் தாண்டியது! 1938-இல் வாங்கிய கேமராவில் 1948-க்குப் பிறகு செய்த லென்ஸ் எப்படி வந்து அமர்ந்தது? பேரன் பிறந்த பிறகா பாட்டன் பிறப்பான்?

"லென்சை மாற்றியிருக்கலாம்" என்றார் பெரியப்பா. நியாயமான எதிர்வாதந்தான். எனவே ஐந்தாவது சாட்சியை அழைத்தோம்: பெட்டியின் எண். முகப்பில், பெயர் பொறித்த தகட்டின் அருகே உலோகத்தில் வெட்டப்பட்ட எண் அது. தோலைப் போல் கிழியாது. துளையைப் போல் பின்னால் போடப்படாது. 1937 முதல் 1939 வரை வெளிவந்த ஆட்டோமேட் கேமராக்களின் எண்கள் 5 லட்சத்துக்கு மேல் தொடங்கி 8 லட்சத்தை ஒட்டி முடிந்தன. போர்க்காலத்திலும் அதன்பிறகும் சில ஆண்டுகள் வரிசை நீண்டது. எக்ஸ் இணைப்புடன் வந்த வடிவத்துக்கு 11 லட்சத்தில் எண் தொடங்கியது. காலம் 1949 முதல் 1951 வரை. 1951-இல் வந்த அடுத்த வடிவத்தின் எண்கள் 12 லட்சத்துக்கு மேற்பட்டவை. நம் கேமராவின் எண் 11 லட்சத்து 30 ஆயிரத்தை ஒட்டியது. பெட்டியும் லென்சும் தனித்தனி ஊர்களில், தனித்தனித் தொழிற்சாலைகளில் எண் பெற்றவை, ஒன்றையொன்று அறியாதவை. இரண்டும் ஒரே காலத்தைச் சொல்கின்றன. இதற்கு மேல் சான்று எதற்கு?

ஒன்று மேலும் இருந்தது. பின்னெல்லை. 1951-இல் வந்த வடிவத்தில் இருவகை விளக்குக்கும் பொருந்துமாறு எம், எக்ஸ் என்று தேர்ந்துகொள்ளும் நெம்புகோல் உண்டு. அது நம்முடையதில் இல்லை. 1954-இல் வந்த ஒளிமதிப்பு எண்வரிசை இல்லை; 1956-இல் வந்த ஒளிமானி இல்லை. ஷட்டர் வேகங்களும் 25, 50, 100 என்னும் பழைய வரிசையிலேயே இருந்தன. 30, 60, 125 என்னும் பிந்திய வரிசையில் இல்லை. இருப்பது ஒரு கதவை அடைத்தது. இல்லாதது மறு கதவை அடைத்தது. 1949-க்கு முன்னும் இல்லை; 1951-க்குப் பின்னும் இல்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 1939 செப்டம்பரில் போர் மூண்டது. பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த இந்தியாவுக்கு ஜெர்மன் சரக்கு வரும் வழி அன்றே அடைபட்டது. போர் முடிந்த பிறகு செய்யப்பட்ட ஒரு கேமரா, போருக்கு முன் சென்னைக் கடையில் எப்படி விலையாகும்? தாத்தா மறைந்தது 1946. கேமரா பிறந்தது அதற்கு மூன்று ஆண்டுகளேனும் கழித்து. பிறவாத கேமராவை, இறந்துபோனவர் வாங்கினார் என்பது நம் வீட்டுப் புராணம்!

அப்படியானால் வாங்கியது யார்?

தோழர்களே, இந்தக் கேள்விக்குக் கேமராவில் விடையில்லை. எண் ஆண்டைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. யார் வாங்கவில்லை என்பது மட்டுமே நிலைநாட்டப்பட்டது. எண் சொன்ன எல்லைக்கு மேல் நம் விருப்பத்தை ஏற்றிவிட்டால், 1938 என்று சொன்னவர்களுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? எனவே வேறு சான்று தேடினோம்.

பரண்மேல் ஒரு தகரப்பெட்டி இருந்தது. அதில் தாத்தா எடுத்த கண்ணாடி நெகடிவுகள் ஒருபுறம். சதுர வடிவப் பிலிம் நெகடிவுகள் மறுபுறம். ரோலிபிளெக்ஸ் எடுப்பது சதுரப் படம்; ஆறு சென்டிமீட்டருக்கு ஆறு சென்டிமீட்டர். சதுர நெகடிவுகள் இருந்த காகித உறைகளில் பெயரும் தேதியும் தொகையும் எழுதியிருந்தன. மிக முந்திய தேதி 1951. மிகப் பிந்திய தேதி 1968. எல்லாம் ஒரே கையெழுத்து. அந்தக் கையெழுத்தை நாம் அறிவோம். சிறுவயதில் நமக்குச் சிலேட்டில் உயிரெழுத்தை எழுதிக் காட்டிய கையெழுத்து அது. நம் அப்பாயியின் கையெழுத்து!

உறைகளில் இருந்த பெயர்களில் ஒருவர் இன்றும் ஊரில் இருக்கிறார். தொண்ணூறை நெருங்கும் மூதாட்டி. திருமணமான புதிதில் எடுத்த படம் அவருடைய வீட்டுச் சுவரில் தொங்குகிறது. யார் எடுத்தது ஆத்தா என்று கேட்டோம். "படக்கார அம்மா" என்றார், சிறிதும் தயங்காமல். ஆண் படம் பிடிக்க அதற்குமுன் நிற்கமாட்டேன் என்று சொன்ன பெண்களெல்லாம் அந்த அம்மாவிடம் வந்து நின்றார்களாம். "தலையைக் குனியாதே, என்னைப் பார்" என்று அவர் சொன்னது இன்றைக்கும் காதில் கேட்கிறதாம். படத்தில் அந்த மணப்பெண் நிமிர்ந்துதான் பார்க்கிறார். படம் எடுத்தவர் குனிந்திருந்தார், எடுக்கப்பட்டவர் நிமிர்ந்திருந்தார்!

உறைகளை எடுத்துக்கொண்டு பெரியப்பாவிடம் போனோம். நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு, "எனக்குத் தெரியும் தம்பி" என்றார்.

அவருக்குத் தெரியும். தந்தை இறந்தபோது அவருக்கு வயது ஒன்பது. கேமரா வீட்டுக்கு வந்தபோது பதின்மூன்றைத் தாண்டாத பருவம். தாத்தா இருந்த காலத்தில் இருட்டறையில் படம் கழுவியவரும், கண்ணாடித் தகட்டைத் திருத்தியவரும் அப்பாயிதான் என்பதை அவர் கண்ணால் கண்டவர். கணவர் இறந்ததும், வழக்கம் என்று சொல்லி அவருடைய காதிலும் கழுத்திலும் இருந்தவற்றைக் கழற்றினார்கள். கழற்றியதைப் பெட்டியில் வைத்துப் பூட்டி அழுதுகொண்டிருக்கவில்லை அவர். மூன்று பிள்ளைகளுக்குச் சோறு வேண்டுமே! நான்கு ஆண்டுகள் பழைய மரக் கேமராவை வைத்து ஒப்பேற்றினார். பிறகு அந்த நகைகளை விற்று இந்தக் கேமராவை வாங்கினார். "இனி இதைப் போட்டுக்கொள்ளாதே" என்று சமுதாயம் பறித்த பொன், பிள்ளைகளைப் படிக்கவைத்த கருவியாக மாறியது.

"அப்படியானால் ஏன் பெரியப்பா தாத்தா வாங்கியது என்று சொல்லி வந்தீர்கள்?"

"ஊர் பேசிய பேச்சு உனக்குத் தெரியாது. கைம்பெண் எதிரே வந்தால் சகுனம் கெட்டது என்று திரும்பிப் போவார்கள். அவர்களே பின்வாசல் வழியாக வந்து படம் எடுத்துக்கொண்டு போவார்கள். பெயர்ப்பலகையில் அப்பா பெயர்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் என்னைக் கேலி செய்தார்கள். அப்பா வாங்கினது, அப்பா ஸ்டூடியோ என்று சொல்லிக்கொள்வது எனக்கு எளிதாக இருந்தது. சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது."

அவர்மீது நமக்குக் கோபம் வரவில்லை. பதின்மூன்று வயதுச் சிறுவன் ஊரின் ஏளனத்துக்குமுன் என்ன செய்வான்? அந்தச் சிறுவனைப் பொய்சொல்லப் பழக்கிய ஊர்மீதுதான் கோபம் வந்தது. ஒரு பெண் உழைத்தாள். ஊர் அவளிடம் படம் பெற்றது. படத்தைச் சுவரில் மாட்டியது. மாட்டிவிட்டு, அவள் முகத்தில் விழிப்பது மட்டும் தீது என்றது! அவள் எடுத்த படத்தில் மங்கலம் இருந்ததாம். எடுத்த கையில் அமங்கலம் இருந்ததாம்! இந்தக் கணக்கை எந்தப் பள்ளியில் படித்தார்கள்?

"இப்போது எதற்குத் தம்பி இதெல்லாம்? அம்மாவும் இல்லை, பேசியவர்களும் இல்லை" என்று கேட்டார் பெரியப்பா. கேட்பது நியாயமே. மறைந்துவிட்டவருக்கு இனி மாலை எதற்கு? ஆனால் நூலகத்துக்கு வரப்போவது மறைந்தவர்கள் அல்லர். பத்து வயதுப் பெண் ஒருத்தி வருவாள். கண்ணாடிக்குள் கேமராவைப் பார்ப்பாள். அட்டையைப் படிப்பாள். "ஓர் ஆண் வாங்கினார், ஓர் ஆண் எடுத்தார்" என்று படித்துவிட்டுப் போனால், அவள் மனத்தில் ஒரு கதவு மூடும். "ஒரு பெண் வாங்கினாள், பதினேழு ஆண்டுகள் இதைக் கொண்டு குடும்பத்தைக் காத்தாள்" என்று படித்துவிட்டுப் போனால், ஒரு கதவு திறக்கும். ஒரு வரியில் இருக்கிறது வேறுபாடு. அந்த வரியை எழுதும் உரிமை பெரியப்பாவுக்குத்தான் உண்டு என்றோம்.

மறுநாள் புதிய அட்டையைத் தந்தார். கை நடுக்கத்தோடு எழுதிய எழுத்து. ஜெர்மனியில் 1949-க்கும் 1951-க்கும் இடையில் செய்யப்பட்டது என்பது முதல் வரி. "என் தாயார் தம் நகைகளை விற்று வாங்கியது, 1968 வரை அவரே இதனால் படம் எடுத்தார்" என்பது இரண்டாம் வரி. தாயின் பெயரை முழுமையாக எழுதியிருந்தார். அவருடைய பெயரை எழுத்தில் எங்கள் குடும்பத்தார் ஊரறிய வைத்தது அதுவே முதல் முறை.

கேமரா வாங்கிச் சேர்ப்போர் சிலரிடம் இதைச் சொன்னபோது, போருக்கு முந்தியது என்றால் மதிப்புக் கூடுமே என்று வருந்தினார்கள். பதினோரு ஆண்டுகள் குறைந்ததால் பொருளின் விலை குறையலாம். குறையட்டும்! பொய்யான பழமைக்குக் கிடைக்கும் பெருமையைவிட, மெய்யான உழைப்புக்குக் கிடைக்கும் மதிப்பு மேலானது.

தோழர்களே! உங்கள் வீட்டிலும் ஒரு பழம்பொருள் இருக்கும். சிங்கர் தையல் எந்திரமாக இருக்கலாம். அதிலும் எண் உண்டு, அந்த எண்ணைக்கொண்டு செய்யப்பட்ட ஆண்டை அறியலாம். கடிகாரமாக இருக்கலாம், வானொலிப் பெட்டியாக இருக்கலாம். எடுத்துத் துடையுங்கள், எண்ணைத் தேடுங்கள். எது மாறியது, எது மாறாதது என்று பிரியுங்கள். ஒரு சான்று போதாது. ஒன்றையொன்று அறியாத இரண்டு சான்றுகளைச் சேருங்கள். எண் சொல்லும் வரையில் செல்லுங்கள். சொல்லாத இடத்தில் நின்று, வேறு சாட்சியைத் தேடுங்கள். பிறகு வீட்டு முதியவர்களின் அருகில் அமர்ந்து, அன்போடு கேளுங்கள்: இதை வாங்கியது யார்? இதில் உழைத்தது யார்? பெயர்ப்பலகையில் இருந்த பெயர் யாருடையது. பின்னறையில் இருந்த கை யாருடையது?

கேள்வி கேட்பவன் குடும்பத்தைக் குலைக்கிறான் என்பார்கள். குலைவது குடும்பமன்று, அதன் சுவரில் பூசிய பொய். பூச்சு உதிர்ந்தால் உள்ளே செங்கல் தெரியும். அந்தச் செங்கல்லைச் சுமந்தவள் யார் என்பதும் தெரியும். தெரியட்டும்!